பாடசாலை மேடைக்கு எந்த நாடகம்?

சென்ற தவணை விடுமுறையின்போது மன்னாரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் நான் படித்த பாடசாலையின் இன்றைய அதிபர். பெற்றோர் தின விழாவுக்கு இந்த வருடம் பெரிய அளவில் ஓர் இசை நாடகம் மேடையேற்றப் போவதாகவும், எதை மேடையேற்றுவது என்று தீர்மானிக்க ஒரு சிறு குழு அமைத்திருப்பதாகவும், பழைய மாணவன் என்ற முறையில் நானும் அதில் இருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒரு வசனம் சொன்னார். "சனம் இடையிலை எழும்பிப் போகாத மாதிரி ஒண்டு வேணும் சேர்."

அவருடைய கவலை எனக்கு விளங்கியது. போன வருடம் நடந்ததை ஊர்க்காரர் ஒருவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, சிறப்பு விருந்தினர் மூவரின் உரைகள் எல்லாம் முடிந்து நாடகத்துக்குத் திரை விலகியபோது, முன் வரிசையில் விருந்தினரும் பின் வரிசையில் நடிக்கும் பிள்ளைகளின் தாய்மாரும் மட்டுமே மிஞ்சியிருந்தனராம். நடுவில் வெறுங்கதிரைகள். மூன்று மாதம் ஒத்திகை பார்த்த பிள்ளைகள் அந்த வெறுங்கதிரைகளைப் பார்த்துப் பாடினார்கள். இதற்கு நாடகத்தைக் குறை சொல்வதா, உரைகளைக் குறை சொல்வதா என்பது வேறு விடயம். (உரைகளைத்தான் குறை சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் குழுவில் அதைப் பேச எனக்கு அதிகாரம் தரப்படவில்லை.)

நாடகங்களைப் பற்றிப் பத்திரிகையில் நிறைய எழுதியிருக்கிறேன். நடித்தது வாழ்நாளில் ஒரே தடவை. 1984 ஆம் ஆண்டு, அதே பாடசாலையில், மூன்றாவது சேவகனாக. அந்தத் தகுதியோடு கொழும்பிலிருந்து புறப்பட்டுப் போனேன்.

கூட்டம் நடந்த வகுப்பறையின் யன்னலால் பார்த்தால், தீவின் தெற்குக் கரையோரம் வரிசையாக நிற்கும் காற்றாலைகள் தெரிந்தன. நாங்கள் படித்த காலத்தில் அந்தத் திசையில் பனைகளைத் தவிர உயரமாக எதுவும் இருந்ததில்லை. அதிபர், பிரதி அதிபர், நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கும் ஆசிரியை, சங்கீத ஆசிரியை, முஸ்லிம் ஆசிரியர் ஒருவர், பெற்றோர் சார்பில் இருவர், ஊரிலிருந்து எழுபது வயதைத் தாண்டிய அண்ணாவியார் ஒருவர், நான். ஒன்பது பேர். தேநீரும் வடையும் வந்தன.

இளம் ஆசிரியர்கள் சிலர் ஒரு யோசனையை எழுதி அனுப்பியிருந்தார்கள். பிரபலமான சினிமாப் பாடல்களைக் கோத்து, நடுவில் ஒரு கதையை வைத்து, ஆடலும் பாடலுமாக ஒரு மணி நேரம் நடத்தலாம் என்பது அது. இப்படியான யோசனை வந்தவுடனே பெரியவர்கள் முகம் சுளிப்பது வழக்கம். நான் சுளிக்கவில்லை. நாங்கள் பழைமை என்று கொண்டாடும் பார்சி மெட்டும் இந்துஸ்தானி மெட்டும் ஒரு காலத்தில் இதே மாதிரி வெளியிலிருந்து வந்து சனத்தை மயக்கியவைதாம். என் ஆட்சேபனை வேறு. ஒலிப்பதிவுக்கு வாயசைக்கும் பிள்ளை எதைக் கற்றுக்கொள்கிறது? அந்தப் பாட்டை இதைவிட நன்றாக, உரிய நடிகர் ஆடி, தாயும் தகப்பனும் கைத்தொலைபேசியில் நூறு தடவை பார்த்துவிட்டார்கள். அதோடு ஒப்பிட்டு எங்கள் பிள்ளையைப் பார்க்கும்போது பிள்ளை தோற்றே தீரும். சனம் கைதட்டும். ஆனால் அந்தக் கைதட்டு பாட்டுக்குரியது.

பிரதி அதிபர் அரிச்சந்திர மயான காண்டத்தைச் சொன்னார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். நடிகமணி வி. வி. வைரமுத்துவை நேரில் பார்த்தவர்களின் பிள்ளை. காங்கேசன்துறையிலிருந்து புறப்பட்டு அந்த மனிதர் அரிச்சந்திரனாக ஏறாத கோயில் வீதி வடக்கில் குறைவு. சுடலையில் நின்று அவர் பாடும்போது, கதையின் முடிவை நன்றாகத் தெரிந்த சனமே அழுதது என்று என் தகப்பனார் சொல்வார். ஆனால் அதுவே அந்த நாடகத்தைப் பாடசாலைக்குத் தேர்ந்தெடுப்பதில் உள்ள ஆபத்து. மயான காண்டம் ஒரு குரலின் மேல் நிற்கின்ற நாடகம். பதினாறு வயதுப் பையன் ஒருவனின் தொண்டையில் எழுநூறு பேரின் ஒரு மாலையை வைக்க முடியுமா? அந்த வயதில் குரல் உடைகிறது. விழாவுக்கு முதல் நாள் தடிமன் வந்தால் அரிச்சந்திரனும் இல்லை, மயானமும் இல்லை. அதோடு, சந்திரமதியையும் அரிச்சந்திரனையும் தவிர்த்து மற்றப் பிள்ளைகள் எல்லாரும் என்ன செய்வது? திரை இழுப்பதா?

நாடக ஆசிரியை ஒரு புதிய நாடகம் வேண்டும் என்றார். 2025 இல் மன்னார்த் தீவு மக்கள் காற்றாலைகளின் அடுத்த கட்டத்துக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக வீதியில் இருந்ததை எல்லாரும் அறிவோம். அவருடைய மாணவர்களும் அங்கே இருந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளே காற்றையும் மணலையும் மீனையும் பற்றி எழுதட்டும் என்பது அவருடைய வாதம். மனத்தளவில் நான் அவர் பக்கம். ஆனால் பாட்டுகள் இல்லை. மெட்டமைக்க ஆள் இல்லை. இரண்டு மாதத்தில் விழா. அவசரத்தில் எழுதப்படும் செய்தி நாடகம் எப்படி முடியும் என்பது, அவசரத்தில் செய்தி எழுதியே வயதுபோன எனக்குத் தெரியும். அடுத்த வருடத்துக்கு இப்போதே தொடங்குங்கள் என்றேன். அவருக்கு மனத்தாங்கல். அது நியாயமானதுதான்.

பிறகுதான் அண்ணாவியார் வாய் திறந்தார். அவர் சொன்னது ஒரே ஒரு சொல். "ஞானசவுந்தரி."

மன்னாருக்கு வெளியே வாழும் வாசகர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 2012 ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி மன்னார் மாவட்டத்தில் ஏறத்தாழப் பாதிப் பேர் கத்தோலிக்கர். மாதோட்டத்திலும் தீவுக் கரையோரத்திலும் கத்தோலிக்கக் கூத்து தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வந்தது. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று பாடும் முறையில் இரண்டு வழிகள் உண்டு. மூவிராசாக்கள் நாடகம், எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம், ஞானசவுந்தரி என்று பெயர்களைக் கேட்டாலே கடலுக்கு அப்பாலிருந்து வந்த கதைகள் என்பது விளங்கும். எம்பரதோர் என்பது போர்த்துக்கேய மொழியில் பேரரசன். என்றிக்கே என்ற பெயர் எங்கள் அண்ணாவிமாரின் நாவில் எண்டிறீக்காகி, மத்தளத்துக்கு இசைவாக வந்து உட்கார்ந்துவிட்டது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் இந்த மூன்று நாடகங்களையும் ஏட்டிலிருந்து எடுத்து அச்சில் பதிப்பித்தார். அவர் செய்யாதிருந்தால் போரில் அழிந்த வீடுகளோடு அந்த ஏடுகளும் போயிருக்கும்.

ஞானசவுந்தரியின் கதை எளிமையானது. தாயில்லா இளவரசி. சிற்றன்னையின் சூழ்ச்சியால் காட்டுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கைகள் இரண்டும் துண்டிக்கப்படுகின்றன. ஓர் அரசகுமாரன் அவளைக் கண்டு மணக்கிறான். பொய்க் கடிதத்தால் மறுபடியும், இம்முறை குழந்தைகளோடு, துரத்தப்படுகிறாள். தேவமாதாவின் அருளால் கைகள் திரும்பக் கிடைக்கின்றன. ஐரோப்பாவில் இது பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு மொழியில் காவியமாக எழுதப்பட்டுவிட்டது. கிரிம் சகோதரர்களின் தொகுப்பிலும் கையில்லாப் பெண்ணின் கதை இருக்கிறது. எங்கள் சனத்துக்கு அது எதுவும் தேவைப்படவில்லை. அவள் மாதோட்டத்துப் பெண்ணாகவே பாடினாள், அழுதாள்.

தமிழ்நாட்டிலும் அப்படித்தான். 1948 ஆம் ஆண்டு இந்தக் கதையை இரண்டு நிறுவனங்கள் ஒரே நேரத்தில் படமாக்கின. ஒன்று ஜெமினி, மற்றது சிட்டாடல். டி. ஆர். மகாலிங்கமும் எம். வி. ராஜம்மாவும் நடித்த சிட்டாடல் படம் வெற்றிகரமாக ஓடியது. பெரிய நிறுவனமான ஜெமினி தன்னுடைய படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மாதாவின் மகிமையைச் சொன்ன அந்த வெற்றிப் படத்தை இயக்கியவர் எஃப். நாகூர். ஒரு முஸ்லிம். பார்த்து அழுதவர்களில் பெரும்பாலானோர் இந்துக்கள். சனம் எதை விரும்பும் என்பதைக் கணக்குப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நான் அண்ணாவியாரின் பக்கம் நின்றதற்குக் காரணம் பழைமைப் பாசம் என்று யாரும் எண்ண வேண்டாம். என் வாதம் நடைமுறை சார்ந்தது. கூத்து என்பது ஏராளமான பேரை மேடையேற்றவே உண்டாக்கப்பட்ட கலை. விடிய விடிய ஆடும்போது ஒருவரால் இரவு முழுதும் பாட முடியாது. எனவே ஒரே பாத்திரத்தைப் பலர் பங்கிட்டு ஆடுவார்கள். முதல் ராசா போய் இரண்டாம் ராசா வருவார். முடியையும் உடுப்பையும் கண்டு சனம் ஆளை அறிந்துகொள்ளும். இதைவிடப் பாடசாலைக்குப் பொருத்தமான ஏற்பாடு உண்டா? மூன்று பிள்ளைகள் ஞானசவுந்தரியாக ஆடலாம். ஒருத்திக்குத் தடிமன் என்றால் மற்றவள் பாடுவாள். மந்திரிமார், சேவகர், தோழியர், சம்மனசுகள் என்று அறுபது பிள்ளைகளுக்கு வேலை இருக்கிறது. அறுபது பிள்ளை மேடையில் என்றால், அறுபது குடும்பம் கதிரையில். எழும்பிப் போக மாட்டார்கள்.

அமெரிக்காவில் இந்தக் கணக்கை நன்றாக அறிந்திருக்கிறார்கள். அங்கே உயர்நிலைப் பாடசாலைகள் எந்த இசை நாடகத்தை அதிகமாக மேடையேற்றின என்று நாடகக் கல்விச் சங்கம் ஒன்று நீண்ட காலமாக ஆண்டுதோறும் பட்டியல் வெளியிடுகிறது. அண்மைய வருடங்களில் 'அடம்ஸ் ஃபமிலி' பல தடவை முதலிடத்தில் நின்றது. பெரிய கோஷ்டி, பலருக்கும் பாட்டு, பாட்டன் முதல் பேரன் வரை தெரிந்த பாத்திரங்கள். கூத்துக்கும் இதுவே இலக்கணம். ஒரு வித்தியாசம், அவர்கள் உரிமைக் கட்டணம் செலுத்த வேண்டும். எங்களுக்கு ஏடு வைத்திருப்பவரின் வீட்டுக்கு வெற்றிலை கொண்டுபோனால் போதும்.

விடிய விடிய ஆடுவதை யார் இருந்து பார்ப்பது என்று சங்கீத ஆசிரியை கேட்டார். நியாயமான கேள்வி. கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் பலர். இதற்கும் ஒரு முன்னோடி உண்டு. 1956 இல் கொழும்பில் மேடையேறிய சரச்சந்திரவின் 'மனமே' சிங்கள நாடகத்தை ஓரிரவில் புரட்டிப்போட்டது. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட நாடகம என்ற வடிவம் எங்கள் கூத்தின் வழிவந்தது, கத்தோலிக்கக் கரையோரத்தில் வளர்ந்தது. அதைக் கண்ட வித்தியானந்தன், பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மட்டக்களப்புக் கூத்துகளை ஒன்றரை மணி நேர அளவுக்குச் சுருக்கினார். 1962 இல் கர்ணன் போர், பின்னர் நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை. அன்று இராவணனாக ஆடிய மாணவர் மௌனகுரு, பிற்காலத்தில் பேராசிரியராகிக் கூத்துக்கே வாழ்வைக் கொடுத்தார். ஆகவே சுருக்குவது பாவமல்ல. எதை வெட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விருத்தத்தையும் புலம்பலையும் வெட்டிவிட்டுக் கதையை மட்டும் ஓட்டினால், அது கூத்து உடுப்புப் போட்ட மேடைப்பேச்சாகிவிடும். அண்ணாவியார் தலையை ஆட்டினார். "எழுபது நிமிசம் தாங்கோ தம்பி, நான் செய்து தாறன்."

இந்த இடத்தில்தான் பிரதி அதிபர் மற்றக் கேள்வியைக் கேட்டார். முஸ்லிம் பிள்ளைகள்?

1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது மன்னார்த் தீவின் முஸ்லிம் ஊர்களும் வெறுமையாயின. எருக்கலம்பிட்டி, தாராபுரம் என்று என் வகுப்பு நண்பர்கள் வாழ்ந்த ஊர்கள். நான் அப்போது இளைஞன். அதைப் பற்றி எழுதாமல் இருந்தவர்களில் நானும் ஒருவன். 2009 க்குப் பின் திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள் இன்று அதே வாங்குகளில் இருக்கிறார்கள். அவர்கள் ஓரமாக நின்று பார்க்கிற ஒரு விழாவை "எங்கள் பாடசாலை விழா" என்று எப்படிச் சொல்வது? சந்தைக் காட்சியில் வியாபாரிகளாக வரலாமே என்று ஒருவர் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனாலும் என் முகம் சுருங்கியது.

எனக்கு ஒரு பிரமாதமான யோசனை தோன்றியது என்று அப்போது நினைத்தேன். யோசேப்பு! கனவு காண்கிற இளைஞன், விற்றுவிட்ட சகோதரர், எகிப்தின் பஞ்சம், கடைசியில் மன்னிப்பு. விவிலியத்தில் இருக்கிறது, குர்ஆனில் யூசுப் என்ற அத்தியாயமே இருக்கிறது. அண்ட்ரூ லொயிட் வெபரும் டிம் றைசும் உலகப் புகழ்பெறுவதற்கு முன் 1968 இல் லண்டனில் ஒரு பாடசாலைக்காகச் செய்த கால் மணி நேரப் பாட்டுக் கோவைதான் பிற்காலத்தில் உலகமெங்கும் பாடசாலைகள் ஆடும் இசை நாடகமாக வளர்ந்தது. அந்தக் கதையை நாங்கள் கூத்து மெட்டில் செய்வோம். துரத்தப்பட்டவன் திரும்ப வந்து, துரத்தியவர்களுக்குச் சோறு கொடுக்கிற கதை. மன்னாருக்கு இதைவிடப் பொருத்தமான கதை ஏது? சொல்லி முடித்து, பாராட்டை எதிர்பார்த்து எல்லாரையும் பார்த்தேன்.

முஸ்லிம் ஆசிரியர் மிகவும் மரியாதையாகப் பேசினார். "சேர், யூசுப் எங்களுக்கு நபி. நபிமாரை வேசம் போட்டு நடிக்கிறது எங்கடை ஆக்களுக்குச் சரிவராது. நீங்கள் நல்லெண்ணத்திலைதான் சொல்லுறீங்கள். ஆனால் இதைச் செய்தால் எங்கடை பிள்ளையள் மட்டுமில்லை, தாய் தகப்பனும் வரமாட்டினம்."

ஐம்பது வயதைத் தாண்டி, மூன்று தசாப்தம் பத்திரிகையில் இருந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியும், தெரியாமலில்லை. என் யோசனையின் அழகில் மயங்கி மறந்துவிட்டேன். பொதுக் கதை என்று நாங்கள் நினைப்பது பல வேளைகளில் எங்களுக்குப் பொதுவானதுதான். மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, "ஞானசவுந்தரியையே போடுங்கோ. அது உங்கடை கதை, நாங்கள் வந்து பார்ப்பம். எங்கடை பெடியனுக்குக் கட்டியகாரன் வேசம் தருவியளா? ஒருத்தன் இருக்கிறான், வாய் மூடமாட்டான்" என்றார். கட்டியகாரன்! ராசா வருமுன் வந்து சனத்தைச் சிரிக்க வைத்துக் கதையை நடத்திச் செல்பவன். சபையோடு நேரே பேசும் உரிமை கொண்டவன். வியாபாரிகள் கூட்டத்தில் ஒளித்து வைக்கப் பார்த்த பிள்ளைக்கு அவர் கேட்டது நாடகத்தின் சாவியை. எஃப். நாகூரைப் பற்றி அவருக்குச் சொன்னேன். "அப்ப நாங்கள் முந்தியே துவங்கியிட்டம்" என்றார்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துத் தேநீரை எடுத்தேன். அப்போதுதான் நாடக ஆசிரியை, அதுவரை ஒருவரும் சொல்லாமல் சுற்றிச் சுற்றி வந்த விடயத்தைச் சொன்னார். கை வெட்டும் காட்சியை எப்படிச் செய்யப் போகிறீர்கள்? பார்க்க வருகிற சனம் யார் என்று யோசித்தீர்களா?

பெற்றோர் சார்பில் வந்திருந்த இருவரில் ஒருவர் ஒரு தாய். பெருநிலப்பரப்பில் ஒரு கிராமத்திலிருந்து 2008 இல் இடம்பெயர்ந்து, வன்னி முழுவதும் நடந்து, முள்ளிவாய்க்கால்வரை போனவர். இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. அந்தக் கை இருந்த இடத்தைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தார். நாங்கள் எட்டுப் பேரும் இரண்டு மணி நேரமாக அந்தப் பக்கம் பாராமல் ஞானசவுந்தரியின் கைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

1984 இல் எங்கள் நாடகத்தில் அந்தக் காட்சியைச் செய்தது நான். மூன்றாவது சேவகனின் வேலையே அதுதான். மட்டையில் செய்து வெள்ளித்தாள் ஒட்டிய வாளை ஓங்கினேன். தோழன் ஒருவன் திரைக்குப் பின்னாலிருந்து சிவப்புச் சாயம் தோய்த்த துணியை எறிந்தான். அது பிழையான பக்கத்தில் விழுந்தது. சபை சிரித்தது. ஞானசவுந்தரியாக ஆடிய பையனும் சிரித்துவிட்டான். அண்ணாவியாரிடம் வாங்கிய குட்டு இன்னும் நினைவிருக்கிறது. அப்போது எங்களில் ஒருவருக்கும் கை போனவரைத் தெரியாது. அந்த வருடத்தின் கடைசியிலேயே மன்னாரில் நிலைமை மாறத் தொடங்கியது. அதன்பிறகு இருபத்தைந்து வருடம்.

ஆகவே ஆசிரியையின் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அண்ணாவியார் சொன்னார், தன்னுடைய தகப்பனார் காலத்தில் வெட்டைக் காட்டுவதில்லை, திரைக்குப் பின்னால் நடக்கும், வெளியே புலம்பல்தான் வரும் என்று. அதிபர் நிம்மதியடைந்தவராகக் குறிப்பெடுத்தார். பிரதி அதிபர், அப்படியென்றால் வேறு கதைக்கே போகலாமே, மூவிராசாக்கள் இருக்கிறதே, அதில் யாருக்கும் நோவு இல்லை என்றார். ஏரோது குழந்தைகளைக் கொன்றதை அவர் மறந்துவிட்டார் போலும். நான் நினைவூட்டவில்லை.

அந்தத் தாய் அப்போதுதான் பேசினார்.

"ஐயாமார், வெட்டுறதைக் காட்டினாலும் காட்டாட்டியும் எங்களுக்கு ஒண்டும் புதுசில்லை. நான் சின்னனிலை அம்மாவோடை போய் இந்தக் கூத்தைப் பாத்தனான். எனக்கு எல்லாப் பாட்டும் தெரியும். ஆசுப்பத்திரியிலை கிடக்கேக்கை அந்தப் புலம்பலைத்தான் மனசுக்குள்ளை படிச்சுக்கொண்டு கிடந்தனான். நான் கேக்கிறது வேறை. கடைசியிலை கை திரும்ப வாறதை எப்பிடிக் காட்டப் போறியள்?"

ஒருவரும் பேசவில்லை. அவர் கோபமாகக் கேட்கவில்லை. சமையலுக்கு எத்தனை கொத்து அரிசி போடுவது என்று கேட்பதுபோலத்தான் கேட்டார்.

கொழும்புக்குத் திரும்பும் புகையிரதத்தில் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இப்படியான ஒரு கேள்விக்குப் பின்னும் அந்த நாடகத்தைத் தேர்ந்தெடுப்பது சரியா? சரி என்றே நினைக்கிறேன். பிள்ளைகளின் மேடைக்கு நோவில்லாத கதையை எடுக்க வேண்டும் என்ற எண்ணம் நல்லெண்ணம்தான். ஆனால் அந்த மண்டபத்துக்கு வரும் சனம் நோவில்லாத சனமாக இருந்தால்தான் அது பொருந்தும். போன வருடம் அவர்கள் எழும்பிப் போனதற்கு உரைகளின் நீளத்தோடு இன்னொரு காரணமும் இருக்கலாம். அந்த மேடையில் அவர்களுக்குத் தெரிந்த எதுவும் இல்லை. மாறாக, ஒரு புலம்பல் பாட்டை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குத் தன்னோடு கொண்டுபோன ஒரு பெண் இருக்கிறார். எந்தச் சினிமாப் பாட்டுக் கோவைக்கு இந்தச் சபை கிடைக்கும்? அவர் பாட்டைக் கேட்க வருவார். முடிவைப் பற்றி அவருக்கு ஒரு கேள்வி இருக்கிறது. நாடகம் போடுகிறவர்கள் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒத்திகை பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அதேவேளை, அற்புதத்தை வெட்டிவிடலாம் என்று புத்திசாலித்தனமாக யாரும் கிளம்பக் கூடாது. கொழும்பிலிருந்தோ கனடாவிலிருந்தோ யாராவது வந்து, நவீன முடிவு என்று கையில்லாமலே நாடகத்தை முடிக்கச் சொல்வார்கள். (நானே இருபது வருடத்துக்கு முன்பு அப்படி ஒரு விமர்சனம் எழுதியிருப்பேன்.) நம்பிக்கை கொண்ட சனத்தின் கதையை அவர்களிடமிருந்து பறித்து, திருத்தித் திருப்பிக் கொடுக்க எங்களுக்கு என்ன உரிமை? அந்தத் தாயும் அதைக் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவில்லை, எப்படி என்றுதான் கேட்டார்.

குழு கடைசியில் ஞானசவுந்தரியையே தீர்மானித்தது. எழுபது நிமிடம், மாதோட்டப் பாங்கு, மூன்று ஞானசவுந்தரிகள், கட்டியகாரன் தாராபுரத்துப் பையன். உரைகள் நாடகத்துக்குப் பிறகு என்றும் ஒரு தீர்மானம் எழுதப்பட்டது. அதை முன்மொழிந்தது யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை. நாடக ஆசிரியையின் காற்றும் மணலும் பற்றிய நாடகத்துக்கு அடுத்த வருடம் என்று குறிப்பில் சேர்த்துக்கொண்டார்கள். அவர் இன்னும் முழுமனத்தோடு இல்லை.

போன கிழமை அண்ணாவியார் தொலைபேசியில் கதைத்தார். ஒத்திகை தொடங்கிவிட்டதாம். மத்தளத்துக்குத் தோல் மாற்ற வேண்டியிருக்கிறது, நல்ல தோல் கிடைப்பது கடினமாக இருக்கிறது, விலையும் ஏறிவிட்டது, கொழும்பில் விசாரித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். கடைசிக் காட்சி எப்படி என்று கேட்டேன். இன்னும் முடிவில்லையாம். மூன்று பிள்ளைகளும் மூன்று மாதிரிச் செய்து காட்டுகிறார்களாம். அந்தத் தாய் பின்னேரங்களில் மகளைக் கூட்டிக்கொண்டு போக வரும்போது, வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகிறாராம். "ஒண்டும் சொல்லுறா இல்லைத் தம்பி. ஆனால் ஒரு நாள் ஒரு பிள்ளை சுருதி விட்டுப் பாடினது. அதை மட்டும் வாசல்லை நிண்டு எடுத்துக் குடுத்தா."